நந்திவர்மன் எப்படி இறந்தான்? பழமரபுக் கதைகளையும் அவற்றின் மறுகூறல்களையும் படிக்கத் தொடங்குவோருக்கு

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது தெள்ளாறு. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் என்ற பல்லவ அரசன் அங்கே பாண்டியனை வென்றான். ‘தெள்ளாறெறிந்த நந்திப்போத்தரையர்’ என்று கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் தமிழ் படித்தவர்கள் அவனைப் பற்றி இன்னொரு செய்தியையும் கேட்டிருப்பார்கள். அவன் பாட்டுக் கேட்டு இறந்தான் என்பது அது.

கதை இப்படிப் போகும். அரசன்மேல் பகை கொண்ட மாற்றாந்தாய் மகன் ஒருவன், அறம் வைத்து, அதாவது கேட்பவருக்குக் கேடு வரும்படி சொல்லமைத்து, ஒரு கலம்பகம் பாடுகிறான். கலம்பகம் என்பது பலவகைப் பாட்டுகள் கலந்த ஒரு சிற்றிலக்கியம். அந்தப் பாட்டில் ஒன்று அரசன் காதில் விழுகிறது. மயங்கிப்போன அரசன், எச்சரித்தும் கேளாமல், முழுவதையும் கேட்டே தீர வேண்டும் என்கிறான். நூறு பந்தல் போடுகிறார்கள். ஒவ்வொரு பந்தலிலும் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகக் கேட்கிறான். கேட்டு எழுந்ததும் அந்தப் பந்தல் எரிந்துபோகிறது. கடைசிப் பந்தலில் எரிந்தது அவன் உடல்.

இதைக் கேட்டதும் எல்லோரும் கேட்பது, “இது உண்மையா?” என்றுதான். நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் படிப்பே முடிந்துவிடும். கதையை ஆய்வாகப் படிக்கிறவர் அடுத்து வேறு நான்கைந்து கேள்விகள் கேட்பார். இந்தக் கதை முதன்முதலில் எங்கே பதிவாகிறது? அதற்கு முன்னுள்ள சான்றுகளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை? ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது? மாற்றியவருக்கு அந்த மாற்றம் எதற்குத் தேவைப்பட்டது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொள்வதைப் பற்றியது.

சில சொற்கள்

தெய்வங்களையும் உலகத் தோற்றத்தையும் பற்றிய கதை தொன்மம். பெயர் தெரிந்த ஊரில், பெயர் தெரிந்த ஆளுக்கு, ‘நடந்தது’ என்று நம்பிச் சொல்லப்படும் கதை பழமரபுக் கதை. நந்தி கதை இரண்டாவது வகை. ஒரு கதைக்குள் இருக்கும், தனியே பிரித்தெடுக்கக்கூடிய சிறு துண்டுக்குக் கதைக்கூறு என்று பெயர். பசு தானாகப் புற்றின்மேல் பால் சொரிவது ஒரு கதைக்கூறு. வேலூர்க் கோட்டை தோன்றிய கதையிலும் அதைச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ தலபுராணங்களிலும் அது உண்டு. ஆகவே வேலூரில் அதைக் கேட்டவுடன் ‘இது இந்த ஊரின் தனி நினைவு’ என்று எழுதிவிடக் கூடாது. ஊருக்கு ஊர் நடமாடும் கூறு எது, அந்த ஊருக்கு மட்டும் உரியது எது என்று பிரிப்பதுதான் முதல் பயிற்சி.

ஒரே கதையின் வேறுவேறு உருவங்களை ‘மூலம்’, ‘திரிபு’ என்று பிரிப்பது பழைய பழக்கம். அது சுவடிப் பதிப்புக்குப் பொருந்தும், வாய்மொழிக் கதைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ராமாயணங்களைப் பற்றி எழுதிய ஏ. கே. ராமானுஜன், எல்லாவற்றையும் ‘சொல்லல்கள்’ என்று சமமாக வைத்துப் பார்க்கச் சொன்னார். தொடக்கத்தில் இந்தச் சொல்லையே பழக்கிக்கொள்வது நல்லது. ‘திரிபு’ என்று எழுதும்போதே ஒன்று கெட்டுப்போனது என்ற தீர்ப்பு உள்ளே வந்துவிடுகிறது.

நந்தி கதையை அடுக்கடுக்காகப் பிரிப்பது

இனி வேலைக்கு வருவோம். ஒரு தாளில் காலத்தை மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டு, கிடைக்கும் சான்று ஒவ்வொன்றையும் அதனதன் காலத்தில் வையுங்கள்.

மேலே வருவது நந்தியின் காலத்துச் சான்றுகள். அரக்கோணம் பக்கத்தில் கிடைத்த வேலூர்ப்பாளையம் செப்பேடு அவனுடைய 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் தந்தை தந்திவர்மன் என்பதையும், கோயிலுக்கு ஊர் கொடுத்த செய்தியையும் அது சொல்கிறது. பெருந்தேவனாரின் பாரத வெண்பா அவனுடைய தெள்ளாற்று வெற்றியைப் பாடுகிறது. பிறகு நந்திக் கலம்பகம். அதில் வெற்றி இருக்கிறது, காதல் இருக்கிறது, மல்லையும் மயிலையும் காஞ்சியும் இருக்கின்றன. பாடியவர் பெயர் இல்லை. மகன் நிருபதுங்கனின் பாகூர்ச் செப்பேட்டிலும் எரிந்த பந்தலைப் பற்றியோ சதி செய்த சகோதரனைப் பற்றியோ பேச்சில்லை.

பேச்சில்லை என்பதை வைத்து ‘நடக்கவில்லை’ என்று உடனே சொல்லிவிட முடியாது. செப்பேடு என்பது தானத்தைப் பதியும் ஆவணம். அரசன் இறந்த விதத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. ஒரு சான்றின் மௌனத்தை எடைபோடும்போது, அந்த வகை ஆவணம் வழக்கமாக இதைப் பேசுமா என்று முதலில் பார்க்க வேண்டும். தொடக்க நிலை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி விடுபடும் படி இதுதான்.

அடுத்த அடுக்கு, கலம்பகப் பதிப்புகளில் மிகைப்பாடலாகச் சேர்த்து அச்சிடப்படும் ஒரு கையறுநிலைப் பாட்டு. ‘வானுறு மதியை அடைந்ததுன் வதனம்’ என்று அது தொடங்கும். முகம் நிலவிடம் போயிற்று, புகழ் கடலிடம் போயிற்று, வீரம் புலியிடம் போயிற்று என்று அடுக்கிக்கொண்டே வந்து, ‘செந்தழல் அடைந்ததுன் தேகம்’ என்கிறது. தமிழில் இரங்கற்பாட்டு என்றால் இதை முன்னே வைக்கலாம், அவ்வளவு அழகு. தேகம் தழலை அடைந்தது என்பதற்கு நேர்ப்பொருள், இறந்த அரசனை எரியூட்டினார்கள் என்பதுதான். பிற்காலத்தில் இதைக் கேட்ட ஒருவர், தழல் எப்படி வந்தது என்பதற்குக் கதை கட்டியிருக்கலாம். கதை முன்பே இருந்து, அதற்கேற்பப் பாட்டு வந்து சேர்ந்திருக்கவும் கூடும். இரண்டையும் எழுதி வைத்துவிட்டு, எது முந்தியது என்று காட்ட என்ன சான்று வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் அடுத்த தேடலுக்கு வழி.

மூன்றாவது அடுக்கு பல நூற்றாண்டு தள்ளி வருகிறது. படிக்காசுப் புலவரின் தொண்டைமண்டல சதகம், கலம்பகம் கொண்டு உடலை விட்ட தெள்ளாற்று நந்தி என்று அவனைச் சுட்டுகிறது. அந்த நூலின் நோக்கம் தொண்டைமண்டலத்தின் பெருமை. எனவே அங்கே நந்தியின் சாவு மண்ணின் பெருமையாகிறது. தமிழுக்காக உடலையே கொடுத்தவன் எங்கள் நாட்டான் என்பது அதன் தொனி. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் சோமேசர் முதுமொழி வெண்பாவில் அதே கதையை எடுக்கிறார். ‘நந்தி கலம்பகத்தால் மாண்டகதை நாடறிய’ என்று தொடங்கி, ‘சொல்லேர் உழவர் பகை’ கொள்ளாதே என்ற 872ஆம் குறளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். சாவு அதேதான், ஆனால் பாடம் தலைகீழ். ஒருவருக்கு அது அரசனின் தமிழ்க் காதல். இன்னொருவருக்குப் புலவனைப் பகைத்தால் வரும் கேடு.

நான்காவது அடுக்கு நம் காலம். மேடைப் பேச்சிலும் நாடகத்திலும் பள்ளிக் கதையிலும் வருகிற நந்தி பெரும்பாலும் சதகத்தின் நந்தி. தெரிந்தே, மனம் ஒப்பி, தமிழுக்காக உயிர் கொடுத்தவன். ‘அறம் வைத்துப் பாடினான்’ என்ற பகுதி மெல்லத் தேய்ந்துவிடுகிறது. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். 20ஆம் நூற்றாண்டின் தமிழ் மேடைக்கு மொழிக்காக உயிர் கொடுத்த அரசன் தேவைப்பட்டான். சூனியத்தில் சிக்கிய அரசனை வைத்து அங்கே செய்ய ஒன்றுமில்லை.

நூறு என்ற எண்ணையும் சும்மா விடாதீர்கள். செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் தேவருக்கு 100, அரசருக்கு 90 என்று கலம்பகப் பாடல்களுக்குக் கணக்குச் சொல்கின்றன. இன்று அச்சில் உள்ள நந்திக் கலம்பகத்தில் நூற்றுக்கு மேல் பாடல்கள் உண்டு. கதையின் நூறு, அரசருக்கான கணக்கோடும் பொருந்தவில்லை, அச்சில் உள்ள நூலோடும் பொருந்தவில்லை. வாய்மொழிக் கதையில் நூறு என்பது பெரும்பாலும் ‘நிறைய, முழுமையாக’ என்பதற்கான சொல். எண்ணைக் கண்டால் எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

ராணிப்பேட்டையும் ஒரு தேதியும்

செஞ்சிக் கோட்டை நம் பழைய மாவட்டத்துக்கு வெளியே இருந்தாலும் தேசிங்கு ராஜன் கதை பாலாற்றங்கரை வரைக்கும் வருகிறது. தேசிங்கு என்று கதை சொல்லும் தேஜ் சிங், சொரூப் சிங்கின் மகன். அவன் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714 அக்டோபர் 3ஆம் தேதி போரில் இறந்தான். மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் ஆற்றுக்கு அக்கரையில் உண்டாக்கிய ஊர் ராணிப்பேட்டை என்பது மரபு.

பழைய ஆங்கில விவரத் தொகுப்புகளிலும் அவற்றைப் பார்த்து எழுதிய கட்டுரைகளிலும் ‘சாதத்துல்லா கான் 1771 வாக்கில் நிறுவினார்’ என்று இருக்கும். சாதத்துல்லா கான் இறந்தது 1732இல். இறந்து கிட்டத்தட்ட 40 ஆண்டு கழித்து ஒருவர் ஊர் உண்டாக்க முடியாது. ஆண்டு தவறா, ஆள் தவறா, அல்லது இரண்டு தனி நிகழ்ச்சிகள் ஒரே வாக்கியத்தில் ஒட்டிக்கொண்டனவா என்பது தேட வேண்டிய விஷயம். அச்சில் வந்துவிட்டதால் மட்டும் ஒரு செய்தி மரபிலிருந்து வரலாறாக மாறிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எடுத்துக்காட்டு கிடைக்காது. எந்தக் கதையிலும் முதலில் ஆட்களின் பிறப்பு, ஆட்சி, இறப்பு ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பாதிச் சிக்கல் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

தேசிங்கு 18ஆம் நூற்றாண்டு ஆள். நந்தியைப் போல இடைக்காலத்தவன் இல்லை. ஆனால் மறுகூறல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அவன் கதை நல்ல பாடம். கதைப்பாடலில் அவனுடைய உயிர்த் தோழன் மோவுத்துக்காரன் தன் கல்யாணத்தை விட்டுவிட்டுப் போருக்கு வருகிறான். அவன் ஒரு முஸ்லிம். 1960இல் வந்த ‘ராஜா தேசிங்கு’ படத்தில் இந்தத் தோழனோடு, தாவூத் கான் என்ற முஸ்லிம் சகோதரனும் சேர்ந்துவிட்டான், எம்.ஜி.ஆர். இரண்டு வேடமும் போட்டார். கதைப்பாடலில் நட்பாக இருந்தது படத்தில் ரத்த உறவாகவும் ஆகிறது. படத்தைப் பார்த்து ‘வரலாற்றைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று எழுதுவது சுலபம். நட்பு போதாமல் உடன்பிறப்பு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டு, இரட்டை வேடத்துக்கு இருந்த வரவேற்பையும், சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் இந்து-முஸ்லிம் உறவைத் திரையில் எப்படிப் பேச விரும்பினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது ஆய்வாகும்.

ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால்

தக்கோலம் போரைப் பற்றிக் கொஞ்சம். இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் 949இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான். ‘யானைமேல் துஞ்சின தேவர்’ என்ற பெயர் அதனால் வந்தது. சோழர் தரப்பில் ஆனைமங்கலம் செப்பேடு, கூரிய அம்புகள் மார்பைத் துளைக்க வீரசுவர்க்கம் போனான் என்று பாடுகிறது. எதிர்த்தரப்புச் சான்று கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு. ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனுக்காகப் போரிட்ட கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றதாகச் சொல்கிறது. முதலில் வாசித்த அறிஞர்கள் ‘வஞ்சகமாகக் குத்திக் கொன்றான்’ என்று பொருள்கொண்டார்கள். பிற்பாடு அந்தக் கன்னடத் தொடரை மறுபடி வாசித்தபோது, ‘யானை அம்பாரியையே போர்க்களமாக்கி’ என்பதே சரி என்று திருத்தப்பட்டது. பழைய வாசிப்பை மட்டும் பார்த்தவருக்குப் பூதுகன் ஒரு துரோகி. அங்கிருந்து கதைக்கும் நாவலுக்கும் போவது ஒரு எட்டுதான். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல், அதே கல்வெட்டைப் பின்னால் யாராவது மறுபடி வாசித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

(அந்த ஆதகூர்க் கல், காட்டுப் பன்றியோடு போராடிச் செத்த காளி என்ற நாய்க்கு எடுத்தது. அரசர்களின் போர் அதில் துணைச் செய்தி. நம் பக்கத்தில் செங்கம் பகுதி எடுத்தனூரிலும் கோவிவன் என்ற நாயைப் பேர் சொல்லி நினைக்கும் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது.)

எங்கே தேடுவது, எங்கே தவறும்

மாவட்டப் பெயர்தான் முதல் முட்டுக்கட்டை. 1911 வரை சித்தூர் வட ஆர்க்காட்டில் இருந்தது. 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. மீதி இருந்தது பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் பெற்று, 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஒரு நூலகப் பட்டியலில் ‘வேலூர் மாவட்டம்’ என்று தேடினால் 100 ஆண்டுக்கு முந்தைய எதுவும் வராது. ‘வட ஆர்க்காடு’ என்ற பெயரோடு பழைய தாலுகாவின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்: ஆர்க்காடு, வாலாஜாப்பேட்டை, குடியாத்தம், போளூர், வந்தவாசி, செய்யாறு. ஊர்ப் பெயரின் பழைய எழுத்தையும் இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நூல்களில், கல்வெட்டுக்குத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள். 19ஆம் நூற்றாண்டில் உள்ளூரில் வழங்கிய கதைகளுக்குக் காக்ஸ் எழுதி 1881இல் வந்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேடும், ஸ்டூவர்ட் திருத்திய அதன் மறுபதிப்பும். காலின் மெக்கன்சி என்ற கம்பெனி அதிகாரி ஆட்களை வைத்துத் திரட்டிய கைபீதுகள் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்) சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உண்டு. பழைய அச்சுப் புத்தகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ரோஜா முத்தையா நூலகமும். கையேட்டில் வரும் கதையை ‘ஊர் மக்கள் சொன்னது’ என்று அப்படியே எடுக்கக் கூடாது. அது அதிகாரியிடம் சொல்லப்பட்டு, ஆங்கிலத்தில் சுருக்கப்பட்டு, பதிப்பில் திருத்தப்பட்ட சொல்லல். பிறகு அதையே ஊர்க்காரர்கள் படித்து, கோயில் மலரில் தமிழில் போட்டு, அதை இன்னொருவர் வாய்மொழி மரபு என்று பதிவு செய்வதும் நடக்கும். இப்படி வட்டமாகச் சுற்றி வந்த கதையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆங்கில நூலில் உள்ள எழுத்துப் பிழையோ தவறான ஆண்டோ தமிழ்ச் சொல்லலிலும் அப்படியே இருந்தால், வந்த பாதை அதுதான்.

ஆண்டுக் கணக்கில் சக ஆண்டோடு 78 கூட்டினால் பொது ஆண்டு (கி.பி.) வரும். ஒரு ஆண்டு முன்பின் ஆகலாம். தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் தொடங்குவதும், ‘சென்ற ஆண்டா, நடக்கும் ஆண்டா’ என்ற கணக்கும் அதற்குக் காரணம். ஆட்சியாண்டு மட்டும் இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். ‘நந்திவர்மனின் 6ஆம் ஆட்சியாண்டு’ என்பது சரியான தேதிதான். அதைப் பொது ஆண்டாக மாற்றினால், யாருடைய கணிப்பைப் பின்பற்றினீர்கள் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கூத்துக் களத்தில்

இந்தப் பக்கத்தில் மறுகூறல் இன்றும் உயிரோடு நடக்கும் இடம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைச் சொல்லி விரிவுரை செய்கிறார். இரவில் அதே பகுதி கூத்தாகிறது. கடைசியில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன்மேல் படுகளம் என்ற அவன் சாவுச் சடங்கு, பிறகு தீமிதி. வில்லிபுத்தூரார் 1400ஐ ஒட்டியவர். அவருடைய பாட்டு, பிரசங்கியாரின் பேச்சு, குழுவை நடத்தும் வாத்தியாரின் கூத்து, கோமாளியாக வரும் கட்டியங்காரன் இன்றைய விலைவாசியை இழுத்துப் பேசுவது என்று ஒரே நாளில் நான்கு சொல்லல்களை ஒரே ஊரில் கேட்கலாம். திரௌபதிக்குக் காவலாக நிற்கும் போத்துராஜா வில்லியிடம் இல்லை, கோயிலில் இருக்கிறார். எந்தப் புத்தகமும் தராத வாய்ப்பு இது.

பதிவு செய்யப் போகிறவர்கள் முன்கூட்டி ஒரு நாள் வாத்தியாரையும் கோயில் தர்மகர்த்தாவையும் பார்த்து அனுமதி கேட்க வேண்டும். எதற்காகப் பதிவு, எங்கே வைக்கப் போகிறோம், யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லிக் கேட்பதுதான் அனுமதி. செல்போனைக் காட்டித் தலையாட்ட வைப்பது அனுமதியாகாது. நடிப்பவர்களுக்குத் தங்கள் நிகழ்ச்சியின் மேல் சட்டப்படி உரிமை உண்டு. ஆய்வுக்கு என்று எடுத்ததை யூடியூப்பில் ஏற்ற வேண்டுமானால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். பேட்டிக்கு உட்காரும் கலைஞருக்கு அவருடைய அரைநாள் கூலியாவது கொடுப்பது முறை.

கூத்து இரவு 10 மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை, சுமார் 8 மணி நேரம் போகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோவில் வேவ் கோப்பாக எடுத்தால் மணிக்கு 520 எம்பி ஆகும். முழு இரவுக்கு 4 ஜிபியை ஒட்டி வரும். பல அட்டைகளில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது, கூத்து நீண்டால் பதிவு நடுவிலேயே நின்றுவிடலாம். ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் நிறுத்திப் புதுக் கோப்பாகத் தொடங்குவது பாதுகாப்பு. இடம் போதாவிட்டால் 128 கிலோபிட் எம்பி3யில் மணிக்கு 58 எம்பிதான். பேச்சைப் படியெடுக்க அது போதும், இசையை ஆராயப் போதாது. செல்போனில் எடுத்தால் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். பதிவின் நடுவில் ஒரு அழைப்பு வந்தால் அதோடு முடிந்தது. கருவியைக் குழாய் ஒலிபெருக்கிக்கு நேரே வைத்தால் குரல் பிளந்துவிடும். பின்பாட்டுக்காரர் பெஞ்சின் பக்கத்தில் வைத்தால் ஆர்மோனியமும் முகவீணையும் வசனத்தை விழுங்கிவிடும். களத்தின் ஓரமாக, ஆடுபவருக்கு 3 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் வைத்தால் ஓரளவு சமமாகக் கிடைக்கும்.

தோற்கிறவர்கள் பெரும்பாலும் தோற்பது மறுநாள்தான். 8 மணி நேரத்தையும் எழுத்தில் இறக்குகிறேன் என்று உட்கார்ந்து மூன்றாம் நாள் கைவிடுகிறார்கள். பாட்டும் பேச்சும் கலந்த ஒரு மணி நேரத்தை எழுத, பழகாதவருக்கு 8 முதல் 10 மணி நேரம் பிடிக்கும். முதலில் முழுவதையும் கேட்டு, 5 நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் பொருளடக்கம் எழுதுங்கள். பிறகு உங்கள் கேள்விக்குத் தேவையான 20 நிமிடத்தை மட்டும் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். அப்படி எழுதும்போது ‘வந்துகினு’ என்று சொன்னதை ‘வந்துகொண்டு’ என்று திருத்தாதீர்கள். அரசன் செந்தமிழிலும் கட்டியங்காரன் ஊர்ப் பேச்சிலும் பேசுவது கூத்தின் இலக்கணம். எல்லாவற்றையும் செந்தமிழாக்கினால் அந்த வேறுபாடே அழிந்துபோகும்.

ஒப்பிடும் தாள்

ஒப்பீட்டுக்கு ஒரு பெரிய தாள் அல்லது கணினி அட்டவணை போதும். ஒவ்வொரு சொல்லலும் ஒரு வரிசை. நெடுக்கில் யார் சொன்னது, எப்போது, எங்கே, எந்த வடிவில், யாரைப் பார்த்து, அதில் வரும் நிகழ்ச்சிகள் எவை, முடிவு என்ன என்று ஏழு பத்தி. நிகழ்ச்சிகளுக்கு எண் கொடுத்துவிடுங்கள். நந்தி கதையில் 1 பகை, 2 அறம் வைத்துப் பாடுதல், 3 அரசன் ஒரு பாட்டைத் தற்செயலாகக் கேட்டல், 4 எச்சரிக்கை, 5 பந்தல், 6 சாவு. சிவஞான முனிவரின் வரிசையில் வெளிப்படையாக இருப்பது 6 மட்டுமே. பகை, குறளின் வழியாகக் குறிப்பாக வருகிறது. ‘நாடறிய’ என்று அவர் சொல்வதால், மீதி எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறார் என்று தெரிகிறது. இல்லாததை ‘இல்லை’ என்று எழுதுங்கள். ‘தெரியும் என்று விட்டுவிட்டார்’ என்பது உங்கள் ஊகம், அதை வேறு நிறத்தில் எழுதுங்கள். சான்றும் ஊகமும் ஒரே நிறத்தில் இருந்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே பிரித்துப் பார்க்க வராது.

நவீன நாவலையோ படத்தையோ இந்த வரிசையில் சேர்க்கும்போது, ஆசிரியர் எந்தச் சொல்லலைப் படித்தார் என்று பாருங்கள். முன்னுரையில் பெரும்பாலும் சொல்லியிருப்பார். நாவலாசிரியர் புனைந்த பாத்திரம் இன்று ஊர்வழக்கிலேயே புகுந்திருக்கலாம். ஒரு கோயிலில் வழிகாட்டி சொல்லும் ‘பழங்கதை’ ஒரு தொடர்கதையிலிருந்து வந்ததாக இருக்கும். அதைக் கண்டால் ஒதுக்கிவிடாமல், அதையும் தேதியோடு ஒரு வரிசையாகச் சேர்க்க வேண்டும்.

ஐந்தாறு பேராக

தனி ஆளாக இந்த வேலை சலித்துவிடும். 6 பேர், 12 வாரம், ஒரே கதை என்று தொடங்கினால் முடிக்க முடிகிறது. கல்லூரித் தமிழ்த் துறையிலோ கிளை நூலகத்திலோ வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரம் போதும். முதல் 3 வாரம் பழைய நூல்களைச் சேர்ந்து வாசியுங்கள். செய்யுளை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் பதம் பிரிக்கலாம். அடுத்த 3 வாரம் ஆளுக்கு ஒரு சான்றுவகை: ஒருவர் கல்வெட்டு, ஒருவர் சதகங்கள், ஒருவர் கையேடு, ஒருவர் நாடகமும் படமும். பிறகு 3 வாரம் களம். கடைசி 3 வாரம் அட்டவணையும் எழுத்தும். ஆளுக்கு ஒரு கதை என்று ஆறு கதை எடுத்தால் ஒப்பிட எதுவும் இல்லாமல் ஆறு சுருக்கங்கள்தான் மிஞ்சும். வெவ்வேறு ஊர்க்காரர்களைச் சேர்ப்பது நல்லது. குடியாத்தத்துக்காரர் கேட்டு வளர்ந்த சொல்லலும் செய்யாற்றுக்காரர் கேட்டு வளர்ந்ததும் ஒன்றாக இருக்காது, அந்த வேறுபாடே முதல் தரவு.

குழுவில் ஒருவர் தம் குலத்தையோ ஊரையோ பற்றிய கதை அட்டவணையில் ஏறும்போது மனம் நோகலாம். ‘பொய்’ என்ற சொல்லை யாரும் எழுதாமல், ‘இந்தக் கூறு இன்ன நூலில் முதலில் வருகிறது’ என்று மட்டும் எழுதினால் பேச்சு நடக்கும். கதை சொன்ன பெரியவரிடமும் அதே மரியாதை வேண்டும். ‘தாத்தா, நீங்க சொன்னது புத்தகத்துல வேற மாதிரி இருக்கே’ என்று குறுக்கிட்டால், அடுத்த முறை அவர் புத்தகத்தில் உள்ளதைத்தான் சொல்வார். அவருடைய சொல்லல் உங்களுக்குக் கிடைக்காது.

பதிவுக் கோப்புகளுக்கு ஆண்டு-மாதம்-நாள், ஊர், சொன்னவரின் குறியெண், கட்டம் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். ‘புதிய பதிவு 17’ என்று இருந்தால் ஓராண்டில் தொலைந்ததற்குச் சமம். இரண்டு இடத்தில் பிரதி இருக்கட்டும். எழுதி முடித்த படியை 14 புள்ளி எழுத்தில் அச்செடுத்து வாத்தியாரிடமோ பிரசங்கியாரிடமோ கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அவர் மாற்றச் சொல்லும் இடங்களில் பழைய வரியை அழிக்காமல், அவர் சொன்ன திருத்தத்தைத் தேதியோடு கீழே சேர்த்துக்கொண்டு, ஒரு பிரதியை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.